தொட்டி மூலையில் ஒரு ஏஞ்சல் மீன்

மெர்கோங் வட்டாரத்து வளர்ப்பு மீன் கடைக்காரர் முதலிலேயே சொன்னார். "அக்கா, ரெண்டடி தொட்டிக்கு இது ரெண்டும் சேராது லா. டைகர் பார்ப் மீனு ஏஞ்சலோட வாலக் கடிச்சிரும்."

நான் கேட்கவில்லை. ஹாலில் வைத்தால் அழகாக இருக்கும் என்று ஆறு பார்ப்பும் ஒரு ஏஞ்சல் மீனும் வாங்கி வந்தேன்.

மூன்றே நாளில் ஏஞ்சலின் நீண்ட வால் நார்நாராகக் கிழிந்துவிட்டது. மீன் ஃபில்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. தீனி போட்டாலும் வெளியே வரவில்லை.

"கொஞ்ச நாள்ல பழகிரும்," என்றேன்.

சமையலறை வாசலிலிருந்து மருமகள் சொன்னாள். "பழகாது அத்தே. ஓட எடமில்ல, அதான் மூலையிலயே நிக்குது. பாக்குறவங்களுக்குப் பழகிட்ட மாதிரி தெரியும்."

திரும்பிப் பார்த்தேன். தட்டைக் கையில் ஏந்தி, நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் மேசையில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவள். குழம்பில் உப்பு இல்லை, கறி வேகவில்லை என்று ஒவ்வொரு வாய்க்கும் நான் ஒரு குறை சொன்னேன். அவள் எப்போது எழுந்து போனாள் என்பதுகூட எனக்குத் தெரியாது.

அன்று மாலையே இன்னொரு தொட்டி வாங்கி ஏஞ்சலை மாற்றினேன். இப்போது வால் வளர்ந்துவிட்டது.

மேசையில் தினமும் அவளுக்கும் ஒரு தட்டு வைக்கிறேன். "நீங்க சாப்பிடுங்க அத்தே," என்கிறாள், சமையலறையிலிருந்து.