அம்மனுக்கு முதல் தண்ணீர்

போன வாரம் வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். மேளம் வந்துவிட்டது. பூ வந்துவிட்டது. பூசாரி விரதத்தோடு நிற்கிறார். ஆறுதான் வரவில்லை!

விஷயம் இதுதான். இந்த வருஷம் மேலே புதிதாக, சின்னதாக ஓர் அணை கட்டி, தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி, கீழே மின்சாரம் எடுக்கிறார்கள். நடுவில் உள்ள ஆறு வெறும் பாறை. கரகம் பாலிக்கும் இடம் — குடத்தில் ஆற்று நீர் நிரப்பி, பூச்சுற்றி, அம்மனை அழைத்து வரும் இடம் — சரியாக அங்கேதான். தோட்டம் உண்டான நாளிலிருந்து வேறு இடத்துக்குப் போனதில்லை.

"மெஷின் ரூமுக்குக் கீழ தண்ணி திரும்ப ஆத்துலதானே விழுது? அங்க போயிருவோம்" என்றார் கோவில் தலைவர்.

கொழுந்து பறிக்கும் செல்லம்மா அக்கா விடவில்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்தால் இந்தக் கரகத்தோடு தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்தவர். பிள்ளையும் பிறந்துவிட்டது.

"அது கரண்ட உறிஞ்சிட்டு விட்ட தண்ணிங்க. சத்தெல்லாம் போயிருச்சி. அதுலயா அம்மனக் கூப்புடுவீங்க? நான் சட்டி எடுக்க மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீரைப் பிழிந்தா மின்சாரம் எடுக்கிறார்கள்? ஆனால் யோசித்துப் பாருங்கள்... நல்ல தூளெல்லாம் கப்பலேற, மிச்சத்தில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தே வளர்ந்த ஜனம் நாங்கள். அம்மனுக்காவது மிச்சம் வேண்டாம் என்று நினைப்பது தப்பா?

எல்லோருமாக அணைக்கு ஏறினோம். அங்கே வேலை பார்க்கும் சுனில், தண்ணீரைத் திறந்துவிடலாமா என்று மேலதிகாரிக்குப் போன் போட்டுக் கேட்டார். முடியாதாம்.

அக்கா சிங்களத்தில் கேட்டார். "மாத்தியா, நீங்க நல்லதண்ணி ஊரு வழியா சிவனொளிபாத மலைக்குப் பாதம் கும்பிடப் போவீங்கதானே? ஆத்துல முழுகாமயா ஏறுவீங்க?"

சுனில் மறுபடியும் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். இந்த முறை நிறைய நேரம் பேசினார். திரும்பி வந்து, "கீழே யாரும் ஆற்றுக்குள் நிற்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் கரைக்கு ஓடி வந்தோம். முதலில் சத்தம்தான் வந்தது. அப்புறம் காய்ந்த இலை, கலங்கல்... கடைசியில் தெளிந்த தண்ணீர்! பெண்கள் குலவையிட்டார்கள். ஏன் மறைக்க வேண்டும்? நானும் அழுதேன்.

அணையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கோவில் சீரியல் பல்புக்கும் கரண்ட் வேண்டுமே! ஆற்றைக் கேட்டோம், ஒரு சாயங்காலத்துக்கு.

அக்கா தீச்சட்டியோடு கோவிலுக்கு வந்தபோது, சுனில் சப்பாத்தைக் காலிலிருந்து கழற்றிவிட்டு ஓர் ஓரமாக நின்றார். திருநீறு வாங்கிக்கொண்டு தலைவரிடம் சொன்னார்: "வருஷத்துக்கு ஒரு நாள் எப்படியும் மெஷினை நிறுத்திக் கழுவ வேண்டும். எங்கள் மேலதிகாரி சம்மதித்துவிட்டார். அடுத்த திருவிழாத் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள், அன்றைக்கே கழுவுகிறோம், தண்ணீர் ஆற்றிலேயே வரும்."

அணை கட்டும்போது அம்மனை யாரும் கேட்கவில்லை. இனி அவளிடம் தேதி கேட்டுத்தான் மெஷினுக்கே லீவு!