கீழ்வீட்டில் விழுந்த தட்டு

எங்கள் மாமாவுக்கு எதையும் நேராக எறியத் தெரியாது என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. கண்டியில் துணிக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாவலப்பிட்டியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவார். வரும்போது, கடையில் கழித்துப்போட்ட, மெல்லிய பிளாஸ்டிக்கில் ஆன சிலிசிலி பேக்குகளை மூட்டையாகக் கொண்டுவருவார். அவற்றை அடுக்கி, மேலே எண்ணெய்த்தாள் விரித்து, சிரட்டைக்கரி போட்ட அயன் பெட்டியால் அழுத்தினால் எல்லாம் உருகி ஒரே தகடாகிவிடும். சூடு ஆறுவதற்குள் சோற்றுச்சட்டி மூடியின்மேல் போட்டு ஓரத்தை மடக்கினால் பறக்கும் தட்டு தயார். ஒருமுறை அயன் பெட்டியில் மிச்சமிருந்த பிளாஸ்டிக் என் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது மாமாதான்.

தட்டு அழகாகத்தான் இருக்கும். ஆனால் மாமா எறிந்தால் அது சரிவில் இறங்கி, கீழ்வீட்டு வாசலில் போய் விழும். அந்த வீட்டு அக்கா பூசைக்குப் போய்த் திரும்பும் வரை மாமா விளையாட்டையே தொடங்கமாட்டார். தட்டை எடுக்கப் போனால் லேசில் வரவும் மாட்டார். என் முறை வருவதற்குள் மழை பிடித்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் கோளாறைக் கண்டுபிடித்தேன். தட்டின் ஒரு பக்கம் மட்டும் தடிப்பாக இருந்தது. அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து அதை மறுபடி அயன் பண்ணி, ஓரத்தைச் சீராக வெட்டினேன். அடுத்த ஞாயிறு மாமா எறிந்த தட்டு நேரே போய் அப்பாவின் கையில் உட்கார்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நல்லாத்தான் செஞ்சிருக்க பாப்பா" என்றார் மாமா, காய்ச்சல்காரரின் குரலில். பிறகு தலைவலி என்று போய்ப் படுத்துக்கொண்டார்.

பின்னேரம் கீழ்வீட்டு அக்கா வேலியருகே என்னைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு தட்டு இந்தப் பக்கம் வரவே இல்லையே?"

"இனிமே வராதுக்கா. நான் சரி பண்ணிட்டேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

அக்காவின் முகம் வாடிவிட்டது. "அதக் கொஞ்சம் குடு, பாத்துட்டு தர்றேன்" என்று உள்ளே கொண்டுபோனார்.

திரும்பி வந்த தட்டின் ஒரு பக்கம் அடுப்புச் சூட்டில் வளைந்திருந்தது. நான் அழுதுகொண்டே ஓடி மாமாவிடம் காட்டினேன். அவர் அந்த வளைவை விரலால் தடவிப் பார்த்தார். தலைவலி எங்கே போனதோ, எழுந்து வாசலுக்கு வந்து வீசினார். தட்டு கோணலாய்த் திரும்பிக் கீழ்வீட்டில் விழுந்தது. மாமா சரிவில் பாய்ந்து இறங்கினார்.

அவ்வளவு நல்ல தட்டைக் கெடுத்த அக்காவோடு சண்டை பிடிக்கத்தான் ஓடுகிறார் என்று நினைத்து, நானும் திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.