கியூப் அக்கா போட்ட கையெழுத்து

கான்கிரீட் கட்டியை உடைக்கிறதற்குச் சம்பளம் என்றால் யார் நம்புவார்கள்? அவள் பதினோரு வருடமாக வாங்குகிறாள். கட்டுமான இடத்தில் அவளுக்குப் பெயரே கியூப் அக்காதான். தளம் போடும் அன்று அதே கலவையில் 'கியூப்' என்கிற சதுரக் கட்டிகள் சில வார்த்து, ஆய்வறைத் தொட்டியில் ஊறப்போட்டு, ஏழாம் நாள் எந்திரத்தில் வைத்து நசுக்குவாள். எவ்வளவு பாரம் தாங்கியது என்று எழுதி அவள் கையெழுத்துப் போட்டால்தான், தளத்துக்கு அடியில் நிற்கும் முட்டுகளைப் பிரிப்பார்கள். பிரிக்கிறவர் அவள் புருஷன்.

"என் உசுரே உன் பேனாவுலதான் இருக்கு" என்று கேலி பண்ணுவார். அவளுக்கு அந்தக் கேலி அறவே பிடிக்காது.

இந்தத் தடவை சிமெண்டைப் பாதியாகக் குறைத்து, அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கலந்திருந்தார்கள். நல்ல சரக்குதான், குறை சொல்வதற்கில்லை. நாளாக ஆக இரும்பாகிவிடும். ஆனால் ஆரம்பத்தில் இறுகுவதற்கு மகா சோம்பேறி. குளிர் வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அந்த வாரம் முழுக்கப் பல் கிட்டிப்போகிற குளிர், விடாத தூறல்.

காலையில் உடைத்த மூன்று கட்டிகளும் தேறின. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். அப்புறம் தொட்டியைக் கழுவக் கையை விட்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. தொட்டிக்கு ஹீட்டர் உண்டு; அந்தச் சூட்டில்தான் கட்டிகள் இறுகியிருக்கின்றன. வெளியே கிடக்கும் தளத்துக்கு எவன் ஹீட்டர் போட்டான்? பழைய கலவை என்றால் குளிரிலும் இறுகிவிடும். சாம்பல் கலந்தது இறுகாது. அடிப்பாவி, இதுகூடவா தோன்றவில்லை!

தொட்டியில் இடமில்லாமல் வாசலில் விட்டுவைத்த கட்டி ஒன்று ஏழு நாளும் மழையிலேயே கிடந்தது. அதைத் தூக்கிவந்து எந்திரத்தில் வைத்தாள். முள் பாதிகூட ஏறவில்லை, பொலபொலவென்று உதிர்ந்தது. தளத்தை நோக்கி எடுத்தாள் ஓட்டம்.

"ஏங்க! எல்லாரும் வெளிய வாங்க! தளம் இன்னும் கெட்டிப்படல!"

ஆட்கள் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். அவரும் வந்தார், தோளில் ஓர் இரும்பு முட்டோடு, சிரித்துக்கொண்டே.

"நீதானேம்மா எடுக்கலாம்னு எழுதின?"

"தப்பா எழுதிட்டேங்க. பாதிக்கு மேல எடுத்துட்டீங்களே, ஐயோ!"

அவர் சிரிப்பு நின்றது. அண்ணாந்து பார்த்தார். தளத்தின் மேல் நாலு பேர் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீ அவங்கள இறக்கு. அதுக்குள்ள இத மறுபடி நட்டுட்டு வந்துடறேன்."

"வேணாங்க!" அவள் சட்டையைப் பிடித்தாள். அவர் கையை விலக்கிவிட்டுத் தளத்துக்கு அடியில் போனார். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. மேலே பார்த்து, "தளம் தாங்காது, இறங்குங்க!" என்று கத்தினாள்.

அவர்கள் செங்கல்லைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார்கள்.

"ஓடாதீங்க, தளம் அதிரும்! மெதுவா!" தொண்டை கிழியக் கத்தினாள். அது யார் காதிலும் ஏறவில்லை. அவர் தலைக்கு மேலே நாலு பேரும் தடதடவென்று ஓடினார்கள்.