சர்வருக்குப் பூக்கட்டிப் பார்த்தது

இதை எழுத உட்காருவதும் நாலு வரியோடு கிழித்துப் போடுவதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. பத்தாவதுக்கு மேல் படிக்காதவன், எழுத்து வராது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். திண்டுக்கல்லில் நானும் ஒரு நண்பரும் சேர்ந்து, வெப்சைட்டுகளை எங்கள் சர்வரில் வைத்து நடத்தித் தரும் தொழில் செய்தோம். நண்பர் வடமதுரைக்காரர், கிறிஸ்தவர். வேலை தெரிந்தவர் அவர்தான். புது சர்வரில் எந்த லினக்ஸைப் போடுவது என்பதில் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படை மென்பொருள் அது, அதில் பல வகை உண்டு. நான் ஆசைப்பட்டது புத்தம் புதியது, பார்க்க அழகானது. அவர் சொன்னது பழசு, மெதுவாக மாறுவது.

"மாப்ள, உன்னோடதுக்கு ஒரு வருசம் போனா ஓட்டை அடைக்கிற அப்டேட் வராதுடா. எவனும் உள்ள வந்துருவான்."

"உன்னோடது கிழவி மாதிரில்ல இருக்கு!"

"கிழவின்னா வீட்டையாவது காவல் காப்பா."

கடைசியில் நான்தான், ஆத்தாளிடம் கேட்போம் என்றேன். பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் எங்கள் வீட்டில் அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். எடுப்பதில் எது வருகிறதோ அதுவே உத்தரவு. வெள்ளை வந்தால் அவருடையது, சிவப்பு வந்தால் என்னுடையது.

"உங்க ஆத்தாவுக்கு லினக்ஸெல்லாம் தெரியுமா?" என்று சிரித்தவர், "சரி, அவ சொல்லிட்டா நான் மறுபேச்சு பேசமாட்டேன்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கண்ணை மூடி, ஒன்றை எடுத்தார். சிவப்பு.

பொட்டலம் மடித்தவன் நான். இரண்டிலும் சிவப்பு அரளியைத்தான் வைத்திருந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலை, எங்கள் சர்வரில் இருந்த ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியின் வெப்சைட்டைத் திறந்தேன். கேரளத்து வியாபாரிகள் விலை பார்க்கும் பக்கம் அது. விலை இல்லை. கறுப்புத் திரை, நடுவில் எவனோ எழுதிய கெட்ட வார்த்தை. அடுத்த பக்கம், பள்ளிக்கூடத்துடையது, அதிலும் அதே. எல்லாவற்றிலும் அதே.

நண்பர் ஒரு வார்த்தை என்னைக் கடியவில்லை. மண்டிக்கு என்னைக் கூட்டிப்போய், "எங்க இஷ்டத்துக்குப் போடலைங்க. அம்மன்கிட்ட பூக்கட்டிக் கேட்டுத்தான் போட்டோம்" என்றார்.

மண்டிக்காரர் எழுந்தே விட்டார். "ஏனுங்க, நீங்க பண்ணுன வேலைக்கு அம்மன் மேலயாங்க பழி போடறீங்க? நல்லாருக்குங்களா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் நண்பர் கையில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவுமாக வந்தார். "திரும்ப முதல்லருந்து போடணும்ல. ஆத்தாகிட்ட கேட்டுருவோம், நீயே மடி."

எனக்குத் தெரிந்த சாமிபக்தி அன்றைக்கு அவரிடம்தான் இருந்தது. "வேண்டாம், உன்னோடதையே போடு" என்றேன்.

"ஆத்தா மேல கோவமா? விடு மாப்ள, ஒருதடவை அவளுக்கும் தப்பு வராதா?"

அவர் போட்டதில் அதற்குப் பிறகு எவனும் உள்ளே வரவில்லை. அவர் இப்போது கீரனூரில் இருக்கிறார், சிவப்பைச் சொன்னது ஆத்தாதான் என்று இன்னும் நம்புகிறார். நான் கோயிலுக்குப் போனால் விளக்கேற்றுவதோடு நின்றுவிடுகிறேன், அம்மன் முகத்துக்கு நேரே போவதில்லை.

இதைப் படிப்பவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், அவர் காதுக்குப் போகட்டும். எனக்காக ஒரு சொல் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். அம்மன் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. அவளைச் சொல்ல நான் விடவில்லை.