கேமராவுக்கு வைத்த குங்குமம்

குழந்தைகளே, முன்பக்கம் மட்டுமல்ல, காருக்குள்ளேயும் படம் பிடிக்கும் கேமரா ஒன்றை வாங்கி மாட்டினேன். தி.நகர் நெரிசலில் ஓர் ஆட்டோவும் என் காரும் உரசிக்கொண்டன. தப்பு அவருடையதுதான் என்று நிரூபிக்க, ஆட்டோக்காரரிடம் படத்தைப் போட்டுக் காட்டினேன். முன்பக்கம் முழுக்கச் சிவப்பு! புது வண்டிக்குப் பூஜை போட்ட என் மனைவி, கேமராவின் லென்ஸுக்கும் குங்குமம் வைத்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டேன்.

உள்பக்கம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. உரசிய நேரத்தில் நான் பின்னால் திரும்பி, ஜன்னலைத் திறந்த மகளிடம் கத்திக்கொண்டிருந்தேன்.

"இன்னா சார், ரோட்டப் பாக்காம பாப்பாவத் திட்டிகினு கீறே!" என்று சிரித்தார் அவர். "சின்னக் கீறல்தான், வுடு. கொயந்த பயந்துகினு கீது பாரு."

அப்போதுதான் படத்தில் அவளைப் பார்த்தேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். வீட்டிலும் நான் இப்படித்தான் கத்துகிறேனோ? அங்கே கேமரா இல்லை.