இனாம் பெஞ்சில் சாய்த்த சைக்கிள்

நரேல் கிம்பரின் இரண்டு கார்களும் ஒரே மாதத்தில் செத்தன. இரண்டு கார் என்றதும் பெரிய பணக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் மக்லே தீவில் எல்லாருக்கும் இரண்டு கார்தான். எதிர்க்கரையில், ரெட்லேண்ட் பே படகுத்துறையில் நிறுத்திவைக்க, ஓரளவு மானமாக ஓடுகிற கரைக் கார் ஒன்று. தீவில் ஓட்ட, கதவைக் கயிற்றால் கட்டிய ஓட்டை ஒன்று. நடுவில் கடல். கார் நீந்தாது, நாங்கள் படகேறிப் போய் வருவோம்.

ஜூன் முதல் வாரம் தீவுக் காரின் தரை துருப்பிடித்து விழுந்தது. பிரேக்கை மிதித்த நரேலின் கால் மண் ரோட்டைத் தொட்டது. பத்து நாள் கழித்துக் கரைக் கார் நடுரோட்டில் புகை கக்கி நின்றது. மெக்கானிக் பானெட்டை மூடினான், சாவு வீட்டில் நிற்பவன் போலத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். அவன் வாய் திறக்கத் தேவையே இருக்கவில்லை.

நரேலுக்கு ஐம்பத்தேழு வயது. கரையில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினாலு வருஷமாகக் காலைக் கஞ்சி காய்ச்சுகிறவள். அறுபது பேருக்கு ஓட்ஸ் கஞ்சி, அதில் பதினோரு பேருக்கு உப்பில்லாமல். புருஷன் விட்டுப் போய்ப் பல வருஷம். அவன் போனதில் அவளுக்கு வருத்தமே கிடையாது, போகும்போது மீன்பிடிப் படகையும் கொண்டுபோனானே என்றுதான் இன்றைக்கும் வயிறு எரிவாள். மிச்சம் நின்றது வீடு. சின்ன மரவீடு, பின்பக்கம் வராந்தா, அதற்குக் கீழே அலையாத்திச் செடிகளும் சேறும். கடல் ஏறினால் வராந்தாவின் காலை நனைக்கும், இறங்கினால் நண்டுகள் வெளியே வரும். சாயங்காலம் டீயும் கையுமாக அங்கே உட்கார்ந்து கம்பியில் காலைத் தூக்கிப் போட்டால், பிரதமரே வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள்.

அந்த வீட்டுக்குத்தான் ஆபத்து வந்தது. அவளுடைய அக்கா பெவ், தூவூம்பாவில் மலைமேல் பெரிய வீட்டில் தனியாக இருப்பவள், இரண்டு கார் செய்தியும் காதில் விழுந்த அன்றே போன் போட்டாள்.

"போதும் நரேல். அந்தச் சேத்துக்குள்ள இன்னும் எத்தனை நாள்? வீட்டை வித்துட்டு இங்க வா. ரூம் காலியா இருக்கு, ஜன்னலுக்குப் புதுத் திரைகூட வாங்கிட்டேன். ஊதா கலர்."

"சமாளிச்சுக்குவேன் பெவ்."

"எதை வெச்சு? நீந்திப் போவியா?"

கடைசியில் ஆகஸ்ட் முடியும்வரை கெடு. அதற்குள் வேலைக்கு ஒழுங்காகப் போய்வர ஒரு வழி கிடைக்காவிட்டால் வீட்டை விற்றுவிடுவதாக நரேல் வாக்குக் கொடுத்துவிட்டாள். பெவ்வுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத் தப்பித்தவர் அந்தக் குடும்பத்தில் யாரும் இல்லை.

சைக்கிள் என்ற யோசனை எல்லாருக்கும் வரும். ஆனால் எங்கள் படகின் பின்புறம் சைக்கிளுக்கு நாலே கொக்கி. ஐந்தே கால் படகில் அந்த நாலையும் கட்டட வேலைக்குப் போகிற இளவட்டங்கள் பிடித்துவிடும். மடக்குகிற சைக்கிள் என்றால் அது பெட்டிபடுக்கைக் கணக்கு, சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம். தீவு ரோடு முக்கால்வாசி மண்ணும் குழியும், எனவே சக்கரம் தடிமனாக வேண்டும். தள்ளுபடிக் கடையில் இரண்டும் சேர்ந்த ஒன்று மூலையில் நின்றிருந்தது. மலையேறும் சைக்கிள், இடுப்பில் மடக்கும் கீல், முன்னூற்று இருபத்தொன்பது டாலர்.

"இதுல எந்த மலையிலயும் ஏறலாம்" என்றான் கடைக்காரப் பையன்.

"மலை வேண்டாம் மேட். அஞ்சே கால் படகுல ஏறினா போதும்."

எங்கள் தீவின் ஆக உயரமான சிகரம் தண்ணீர்த் தொட்டி. அதன்மேலும் யாரும் சைக்கிளில் ஏறியதில்லை.

முதல் நாள் படகுத்துறையில் கீலில் விரல் நசுங்கி, நரேல் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பின்னால் வரிசை நின்றது. படகில் கயிறு போடுகிற சியோனே, டோங்கா தீவுக்காரன், கதவு அகலம் இருப்பவன், சிரிப்பை அடக்கவே இல்லை.

"நரேல், மடக்குறீங்களா, மல்யுத்தம் பண்றீங்களா?"

"நீ வந்து காலைப் பிடி, நான் கழுத்தைப் பிடிக்கிறேன்."

ஒரே வாரத்தில் பத்து எண்ணுவதற்குள் மடக்கப் பழகிவிட்டாள். அதன் பிறகு நடந்தது அவளே எதிர்பாராதது. அவளுக்கு அது பிடித்துப்போனது. விடிகிற நேரத்தில் கரையில் ஸ்ட்ராபெரித் தோட்டங்களை ஒட்டிப் போகும்போது முகத்தில் குளிர் அடிக்கும், பழ வாசனை வரும். பதினாலு வருஷம் காரில் போன அதே ரோடுதான், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனவளுக்கு இது எதுவும் தெரிந்திருக்கவில்லை. மேக்பை பறவைகள் முட்டையிட்டு, சைக்கிளில் போகிறவர்கள் தலையைப் பாய்ந்து கொத்தும் காலம் நெருங்கியதும், மற்றவர்களைப் போலவே ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் குச்சிகளைக் குத்தி முள்ளம்பன்றி மாதிரி போனாள். கஞ்சி ஒரு நாளும் தாமதமாகவில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

எங்கள் தீவுப் படகுத்துறையில், நிழற்குடைக்குப் பக்கத்தில், ஒரு நீள பெஞ்சு உண்டு. இனாம் பெஞ்சு. வேண்டாததை அங்கே வைப்போம், வேண்டியவர்கள் எடுத்துப்போவார்கள். எலுமிச்சை, பூசணிக்காய், மூடியில்லாத கெட்டில், ஒற்றை ஊன்றுகோல். அதில் இருப்பது எதற்கும் சொந்தக்காரர் கிடையாது, யாரும் கேள்வி கேட்கக் கூடாது. இது எங்கும் எழுதிவைக்கப்படாத சட்டம், ஆனால் நாங்கள் இதைத்தான் ஒழுங்காக மதிக்கிறோம்.

அன்று சாயங்காலம் நரேல் படகைவிட்டு இறங்கும்போது மழை கொட்டியது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி காரிலிருந்து கத்தினாள். "ஏறு நரேல்! சைக்கிளுக்கு இடமில்ல, ஆடு இருக்கு!" உண்மையிலேயே பின்சீட்டில் ஆடு இருந்தது. நரேல் மடக்கியிருந்த சைக்கிளைக் கைக்குக் கிடைத்த இடத்தில் சாய்த்துவிட்டு ஓடிப்போய் ஏறினாள். பூட்டவில்லை. தீவில் யாரும் எதையும் பூட்டுவதில்லை, அதில் தப்பில்லை. சாய்த்த இடம்தான் தப்பு.

சனிக்கிழமை மத்தியானம் எடுக்கப் போனாள். பெஞ்சில் நாலு எலுமிச்சை மட்டும் இருந்தது.

தீவின் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினாள். பதில்கள் சரமாரியாக வந்தன. "பெஞ்சுல வெச்சா போச்சு மேட், சட்டம் சட்டம்தான்." "அதே பெஞ்சுல போன மாசம் என் சாப்பாட்டுப் பை போச்சு, எடுத்தவங்க டப்பாவையாவது குடுங்க." "யாருக்காவது பூசணி வேணுமா?"

அன்று சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்தாள், டீ ஆறிப்போனது. திங்கட்கிழமை காலை என்ன செய்வது? பெவ் கோபப்பட மாட்டாள். சந்தோஷப்படுவாள். அதுதான் நரேலுக்குத் தாங்கவில்லை. சேற்றில் நண்டுகள் போவதைப் பார்த்துக்கொண்டே அழுதாள், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, யாரும் பார்க்காததால் சத்தமாகவே.

ஞாயிறு காலையில் ஒரு பதில் வந்திருந்தது. "அந்த உடைஞ்ச சைக்கிளா? ரெடி. வந்து எடுத்துக்கோங்க. மெர்வ்."

மெர்வ் டாட் தீவின் தென்கோடியில் இருப்பவர். கப்பல் கட்டும் இடத்தில் முப்பது வருஷம் வெல்டிங் வேலை பார்த்தவர். மனைவி இறந்தபின் வீட்டை அப்படியே போட்டுவிட்டார், ஜன்னல்களுக்குத் திரைகூட இல்லை, செய்தித்தாள் ஒட்டியிருக்கும். ஆனால் உடைந்த பொருளைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. நரேல் போனபோது கொட்டகை வாசலில், புது மாப்பிள்ளையைக் காட்டுவது போல, சைக்கிளைக் காட்டினார்.

அது மஞ்சளாக இருந்தது. படகுக்கு அடித்த பெயிண்டில் மிச்சம். நடுவில், கீல் இருந்த இடத்தில், முழங்கை மொத்தத்துக்கு ஒரு வெல்டிங் கட்டி.

"பாவம், ரெண்டா ஒடிஞ்சு கிடந்துச்சு" என்றார் மெர்வ். "நல்லவேளை, மலிவான சைக்கிள், இரும்பு. அலுமினியமா இருந்தா ஒட்டியிருக்காது. நாலு சுத்து போட்டிருக்கேன். இனி மாடு ஏறினாலும் ஒடியாது."

நரேல் அந்தக் கட்டியைத் தடவிப் பார்த்தாள்.

"மெர்வ். அது ஒடியல. அது மடக்குற சைக்கிள்."

"மடக்குறதா?" மெர்வ் சைக்கிளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சைக்கிளை எதுக்குங்க மடக்கணும்?"

அவள் சொன்னாள். படகு, நாலு கொக்கி, கஞ்சி, பெவ், ஆகஸ்ட், ஊதாத் திரை, எல்லாம் ஒரே மூச்சில். சொல்லிக்கொண்டே போக மெர்வின் காது சிவந்தது, பிறகு கழுத்து சிவந்தது. கடைசியில் அவர் ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெரிய உருவம் ஸ்டூலில் ஒடுங்கி உட்கார்ந்ததைப் பார்த்ததும் நரேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரும் சிரித்தார், ஆனால் காது சிவப்பாகவே இருந்தது.

திங்கள் விடியுமுன் அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்தால், வெளியே மெர்வின் பழைய டிரக் நின்றது. அவள் கூப்பிடவில்லை. சைக்கிளை வாங்கிப் பின்னால் ஏற்றி, துறைவரை கொண்டுபோய் இறக்கினார். கொக்கி நாலும் நிறைந்திருந்தது. சியோனே மஞ்சள் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தான்.

"இதுக்கு என்ன ஆச்சு? கட்டி வந்துருக்கு?"

"கேக்காதே. ஏத்துவியா மாட்டியா?"

"இன்னைக்கு மட்டும். நாளைக்கு முடியாது நரேல், கேப்டன் என்னை மடக்கிடுவாரு."

எனவே அன்று வேலை முடிந்ததும் சைக்கிளைக் கரையிலேயே சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு வந்தாள். அத்தோடு தலைமுழுகியாயிற்று என்றுதான் நினைத்தாள். எங்கள் கரைப் படகுத்துறையில் இரவு தங்கிய சைக்கிளுக்கு மணிகூட மிஞ்சாது. மறுநாள் காலை மறுபடியும் மெர்வின் டிரக் வந்தது, அவள் ஏறினாள், படகில் முழு வழியும் நகத்தைக் கடித்தாள்.

சைக்கிள் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் நின்ற விலையுயர்ந்த சைக்கிளுக்கு முன்சக்கரம் இல்லை, அந்தப் பக்கத்துக்காரருக்கு சீட் இல்லை. நடுவில் மஞ்சள் சைக்கிள், கட்டியும் தானுமாக, ஒரு திருகாணி குறையாமல் நின்றது. அவ்வளவு அசிங்கமான சைக்கிளைத் திருடிக்கொண்டு எந்தத் திருடன் வீட்டுக்குப் போவான்? பெண்டாட்டி உள்ளே விடமாட்டாள். நரேல் அதன் கட்டியில் ஒரு தட்டு தட்டினாள், நல்ல குதிரையைத் தட்டுவது போல.

புதனும் இருந்தது. வியாழனும் இருந்தது. ஒவ்வொரு காலையும் டிரக்கும் வந்தது. சாயங்காலம் படகு வரும்போதும் மெர்வுக்குத் துறையில் ஏதாவது வேலை இருந்தது. ஒரு நாள் எலுமிச்சை எடுக்க வந்தேன் என்றார். வீட்டில் மூன்று எலுமிச்சை மரம் வைத்திருப்பவர்.

மூன்றாவது வாரம் அவர் இரும்பு அறுக்கும் மெஷினையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நரேல், மனசு கேக்கல. இந்த ஞாயித்துக்கிழமை சைக்கிளைக் கொண்டு வந்துடு. கட்டியை அறுத்து எடுத்துட்டு புதுக் கீல் போட்டுத் தரேன். பழையபடி மடக்கலாம். என் தயவு உனக்கு வேண்டியிருக்காது."

டிரக் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியது, குழியில் விழுந்து எழுந்தது. மடியில் மெர்வுக்கென்று பொதிந்து கொண்டுவந்த ஸ்கோன், பூசணி போட்டுச் சுட்ட குட்டி ரொட்டி, சூடாக இருந்தது.

"மடக்கினா என்ன ஆகும்?" என்றாள். "மறுபடியும் நான் இந்தக் குழியில மிதிச்சுக்கிட்டு வரணும். நீ எலுமிச்சைக்கு வேற சாக்கு தேடணும்."

மெர்வ் ரோட்டையே பார்த்து ஓட்டினார். காது மட்டும் சிவந்தது.

"அந்த மெஷினை வீட்ல வை மெர்வ். கை காலை வெட்டிக்காதே."

ஆகஸ்ட் கடைசி நாள் காலை ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது. இந்த நேரத்தில் தங்கை விழித்திருப்பாள் என்று பெவ்வுக்குத் தெரியும், பொறுமை என்பது பெவ்வுக்குத் தெரியாது.

"என்ன, மூட்டை கட்டியாச்சா?"

"இல்ல பெவ். நான் வரல. ஒரு நாள்கூட லேட்டாகாம வேலைக்குப் போயிட்டுத்தான் இருக்கேன். எல்லாத் தீவுக்காரங்களுக்கும் போல எனக்கும் கரையில ஒரு வண்டி, இங்க ஒரு வண்டி."

"கரையில சைக்கிள்னு சொன்னே, சரி. அங்க என்ன வண்டி?"

வெளியே டிரக் ஹார்ன் அடித்தது. ஒரு தடவை, மெதுவாக.

அந்தச் சத்தம் போனில் பெவ்வுக்கும் கேட்டது.

"ஓகோ" என்றாள் பெவ். பிறகு, "அப்போ நான் காசு குடுத்து வாங்கின ஊதாத் திரையை என்னடி பண்றது?"

"அனுப்பிவை பெவ்" என்றாள் நரேல், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டே. "இங்க ஒருத்தர் வீட்ல ஜன்னலுக்கு நியூஸ்பேப்பர் ஒட்டியிருக்கு."

போனை வைத்துவிட்டு, ஸ்கோன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டு நடந்தாள்.