நாலாவது கியரில் நழுவிய கார்

செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கிருஷ்ணமூர்த்திக்கு மைக் செட்டே தேவையில்லை. அவர் ஒருவரைப் புகழ்ந்தால் பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். திட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். இந்த இரண்டையும் நாலே மாதத்துக்குள் அனுபவித்துவிட்டவள் ஜ்வாலாமாலினி.

திருவண்ணாமலை ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு அவள் கார் பட்டறை நடத்துகிறாள். வயது முப்பத்தாறு. வல்லத்துப் பக்கம் ஒரு சமணக் குடும்பத்தில் பிறந்தவள். மகளை டீச்சராக்கிவிட வேண்டும் என்று அப்பா தவம் கிடக்க, இவள் அடம்பிடித்து ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தாள். சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் எட்டு வருஷம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களையே பிரித்து மாட்டினாள். கணவன் ஜினேஷுக்கு நிலம் செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில். அதனால் கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே பட்டறை போட்டாள். முதல் வருஷம் ஸ்கூட்டர்தான் வந்தது. கார்க்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள், மெக்கானிக் எங்கே என்று கேட்பார்கள், இவள்தான் மெக்கானிக் என்று தெரிந்ததும் திடீரென்று ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்து கிளம்பிவிடுவார்கள். அட, தன்னைக் கழற்றுவது ஆணா பெண்ணா என்று காருக்குத் தெரியுமா என்ன?

அந்த நிலைமையை மாற்றியதே கிருஷ்ணமூர்த்திதான். அவருடைய ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் தேய்ந்துபோய், வெளியூரில் காட்டினால் கியர்பாக்ஸையே மாற்றச் சொன்னார்கள். ஜ்வாலாமாலினி கிளட்சை மட்டும் புதிதாகப் போட்டுக் கொடுத்தாள். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. பஜார் முழுக்க அவள் புராணம்தான். பட்டறை வாசலில் கார்கள் நிற்க ஆரம்பித்தன.

நாலே மாதம். ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கிருஷ்ணமூர்த்தி பட்டறைக்கு வந்தார். நாலு பேர் நிற்கும்போதே கேட்டார்.

"ஏம்மா, நீ மாத்துன கிளட்ச் நாலு மாசம் கூட தாங்கல. தெரியாத வேலையில எதுக்குக் கை வக்கிற?"

அவர் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. கடைக்குப் போய் அங்கேயும் சொன்னார், டீக்கடையிலும் சொன்னார். மறுநாள் வேலைக்கு விடுவதாகச் சொல்லியிருந்த இரண்டு கார்க்காரர்கள் போனையே எடுக்கவில்லை. எட்டு வருஷ அனுபவமும் மூன்று வருஷப் பட்டறைப் பாடும் ஒரு மனிதர் வாயால் தரைமட்டம். இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கடைக்கே நேராகப் போனாள்.

"என் தப்புன்னா போர்ட நானே கழட்டிடறேங்க ஐயா. அதுக்கு முன்ன ஒரு தடவ என் கூட வண்டில வாங்க."

வந்தார். வேறு வழியில்லை, கடையில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோடு செஞ்சிக் கோட்டை மலைகள் இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் இடத்தில் அவள் கியரைக் கையால் மாற்றும் முறைக்குக் கொண்டுவந்தாள். மூன்றாவது கியரில் நிறுத்தி அழுத்தினாள். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளும் வேகமுள்ளும் கைகோத்துக்கொண்டு ஏறின. நாலாவதுக்கு மாற்றி அதே அழுத்து. எஞ்சின் முள் துள்ளிக்கொண்டு எகிறியது. வேகமுள் ஐம்பதிலேயே உட்கார்ந்துகொண்டது. ஐந்தில் ஒழுங்காக இழுத்தது. ஆறில் மறுபடி நழுவல்.

வண்டியை ஓரம் கட்டி அவள் அவருக்குப் புரியும்படி சொன்னாள். இந்தக் கியர்பாக்ஸில் கிளட்ச் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஆகிய கியர்களை ஒரு கிளட்ச் பார்த்துக்கொள்ளும். இரண்டு, நாலு, ஆறு இன்னொன்றின் பொறுப்பு. நழுவுவது இந்த இரண்டாவது மட்டும்தான். இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை, ஒரே நாளில் ஒரே கையால் மாட்டியவை. வேலை சரியில்லை என்றால் ஒன்று மட்டும் எப்படிச் செத்துப்போகும்?

"அத நீதாம்மா சொல்லணும்," என்றார் கிருஷ்ணமூர்த்தி. பட்டறையில் அவளை இறக்கியதும், நாளைக் காலையில் வீட்டுக்கு வந்து வண்டியை எடுத்துக்கொள், இப்போது வீட்டுக்குப் போகணும் என்று காரோடு போய்விட்டார்.

அது நியாயமான கேள்விதான், அதனாலேயே அவளை அரித்தது. ஆயில் கசிவு இல்லை. ரோட்டுக்குக் கிளம்பும் முன்பே கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்திருந்தாள், வேறு கோளாறும் காட்டவில்லை. பொழுது இறங்குவதற்குள் சாப்பிட்டு முடிப்பது அவர்கள் வீட்டு வழக்கம். பட்டறையையும் அதற்குத் தகுந்தபடி ஐந்தரைக்கே சாத்திவிடுவாள். அன்று தட்டில் கை வைத்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சூரியன் மறைந்தது, சோறு அப்படியே இருந்தது. ஜினேஷ் தட்டை எடுத்து வைத்தான்.

காலையில் கிருஷ்ணமூர்த்தி வீட்டுக்குப் போனாள். இதுவரை அவர்தான் பட்டறைக்கு வருவாரே தவிர, அவர் வீட்டை அவள் பார்த்ததில்லை. பஜாருக்குப் பின்னால் பாறையை ஒட்டி மேலே ஏறும் குறுகல் சந்து. இரண்டு பக்கமும் சுவர், நூற்றைம்பது தப்படி தூரம், முடிவில் வீடு. வாசலில் கார், மூஞ்சியைத் தெருப் பக்கம் காட்டிக்கொண்டு ஜம்மென்று நின்றிருந்தது.

ஜ்வாலாமாலினி நின்றுவிட்டாள். சந்தைத் திரும்பிப் பார்த்தாள். ஆட்டோ கூடத் திரும்ப இடமில்லாத சந்தில் இந்தக் கார் எப்படித் திரும்பி நிற்கிறது?

கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்ற கிருஷ்ணமூர்த்தியின் மனைவி வேதநாயகியைக் கேட்டாள்.

"ரிவர்ஸ்லதான் ஏத்துவாரு. காலையில கடைக்குக் கெளம்பறப்ப வண்டி பின்னால போவக்கூடாதாம், முன்ன பாத்துதான் எறங்கணுமாம். மாமனாரு மாட்டுவண்டி வச்சிருந்த காலத்துலேர்ந்து இது நடக்குது கண்ணு. மத்தியானம் சாப்பாட்டுக்கு வர்றப்பவும் அப்படித்தான், தூங்கி எழுந்து போறாரில்ல, அதுவும் கெளம்பறதுதானாம்."

ஜ்வாலாமாலினிக்கு விடை கிடைத்துவிட்டது. ரிவர்ஸ் கியரும் அந்த இரண்டாவது கிளட்சோடுதான் சேர்த்தி. அது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் ரிவர்ஸிலேயே மலை ஏறுகிற மகராசன் ஒருவர் ஊரில் இருப்பார் என்று எந்தப் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது?

கிருஷ்ணமூர்த்தியைக் கூப்பிட்டாள். வண்டியைக் கீழே இறக்கி, தினமும் ஏற்றுகிற மாதிரியே ஒரு தடவை ஏற்றிக் காட்டச் சொன்னாள். அவரும் காட்டினார், மனிதருக்கு அதில் ஒரு பெருமை வேறு. சுவரில் உரசிவிடக் கூடாதே என்று அங்குலம் அங்குலமாக, நத்தை தோற்கும் வேகத்தில், கழுத்தைத் திருப்பியபடி பின்னோக்கி ஏறினார். பாதி தூரத்திலேயே கருகல் வாடை. வேதநாயகி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"இந்த வாசன தெனமும் வரும்," என்றாள் அவள். "அடுப்புல எதுனா விட்டுட்டேனோன்னு நான் ஓடி ஓடிப் பாப்பேன்."

கிருஷ்ணமூர்த்தி விடவில்லை. பழைய காரையும் இருபது வருஷம் இப்படித்தான் ஏற்றினேன், அதற்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார்.

"அந்தக் காருக்கு எத்தன தடவ கிளட்ச் மாத்துனீங்க ஐயா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் வேதநாயகி திறந்துவிட்டாள். "வருசம் ஒண்ணு. தீபாவளிக்குத் துணி எடுக்கறா மாதிரி."

சந்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கிருஷ்ணமூர்த்தியின் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது.

அன்று பத்து மணிக்குப் பட்டறையில் கியர்பாக்ஸ் இறங்கியது. சந்தில் சிரித்த கூட்டம் பாதிக்கு மேல் பின்னாலேயே வந்துவிட்டது. ஜ்வாலாமாலினி இரண்டு கிளட்ச் தட்டுகளையும் துணியில் துடைத்து மேஜை மேல் வைத்தாள். ஒன்றில் புதுசு கலையவில்லை. மற்றது சூட்டில் நீலம் பாய்ந்து, தேய்ந்து, காகிதம் மாதிரி இளைத்திருந்தது. இரண்டிலும் விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்லி அவரிடம் கொடுத்தாள். மெதுவாக ஏறும்போது கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் அரைகுறையாக உரசிக்கொண்டே இருக்கும், தினம் இரண்டு வேளை அதைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள் என்றாள். முன்பக்கமாக ஏறுங்கள், பாதை நேராகத் தெரிவதால் ஊராமல் ஏறலாம், கிளட்ச் முழுசாகப் பிடிக்கும்; பின்பக்கமாக இறங்குங்கள், இறக்கத்தில் வண்டி தானே உருளும், கிளட்சுக்கு நோகாது.

அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இப்ப நான் இன்னாம்மா செய்யணும்?"

"கிளட்ச நான் மாத்திக்கறேன். பஜார்ல சொன்னத நீங்கதான் மாத்திச் சொல்லணும்."

அவர் எழுந்து போனார். போகிற போக்கில் இரண்டு தட்டுகளையும் கையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜ்வாலாமாலினி தடுக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம், வயிறு நிறைய இரண்டு வேளைச் சோற்றையும் ஒரே வேளையில் தின்றாள்.

அந்தத் தட்டுகள் பாத்திரக்கடை மேஜையில், எவர்சில்வர் குடங்களுக்குப் பக்கத்தில் ஒரு வாரம் இருந்தன. குடம் வாங்க வந்தவர்களெல்லாம் கிளட்ச் பாடம் கேட்காமல் வீட்டுக்குப் போக முடியவில்லை. போன் எடுக்காத இரண்டு கார்க்காரர்களும் தாங்களாகவே வந்து பட்டறை வாசலில் வரிசையில் நின்றார்கள்.

கார் சரியாகி வீடு போன மறுநாள் வெள்ளிக்கிழமை. பஜாரில் பூ வாங்கும் கூட்டம். ஒன்பது மணிக்குச் சந்துக்குள்ளிருந்து முதலில் காரின் பின்பக்கம் வெளியே வந்தது, அப்புறம்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கழுத்தைத் திருப்பிய கிருஷ்ணமூர்த்தி வந்தார். பூக்கடை மாரியம்மாள் கை வேலையை விட்டுவிட்டுப் பார்த்தாள். கடைக்குக் கிளம்பும்போது பின்னால் இறங்கலாமா முதலாளி என்று கேட்டாள்.

"எறங்கலாம்," என்றார் கிருஷ்ணமூர்த்தி, பஜாருக்கே கேட்கும்படி. "நம்ம மெக்கானிக் சொல்லியிருக்குது."